லயத்துக்குள் ஒரு மண்டபம்

சென்ற மாசியில் அட்டனில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்துத் திருவிழாக் கச்சேரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிட்டார் வாசித்தவர். மேசையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, 19 அங்குல அகலமான யமஹா எஸ்.பி.எக்ஸ். 90, 1980களின் நடுவில் வெளிவந்து உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் மேடைகளிலும் ஓடிய ரேக் வகைக் கருவி. மற்றையது உள்ளங்கையில் அடங்கும் ரிவெர்ப் பெடல். பழையதை வாங்கிக்கொள்ள கொழும்பில் ஒருவர் காத்திருக்கிறாராம். "விக்கவா, வச்சிருக்கவா? நீயே கேட்டுப் பார்த்துச் சொல்லப்பா" என்றார். இசையறிவு எனக்குச் சொற்பம். ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை.

ரிவெர்ப் என்பது எதிரொலி அன்று. எதிரொலி தனித்துத் திரும்பி வருவது. ரிவெர்ப்போ சுவர்களிலும் கூரையிலும் மோதிய ஆயிரம் திரும்பல்கள் ஒன்றோடொன்று கலந்து, பாடி முடித்த பின்னும் காற்றில் தங்கி நிற்கும் முழக்கம். அதற்கு இடம் வேண்டும். நான் பிறந்த லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. மலைக்காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பன்னிரண்டடி போய்த் திரும்ப நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். காது அதைத் தனியாக உணர்வதில்லை. எஞ்சியதைத் துணிமூட்டைகளும் பாயும் மனித உடல்களும் விழுங்கிவிடும். மழை பிடித்தாலோ தகரக் கூரையின் இரைச்சலில் பாட்டென்ன, பேச்சே கேட்காது. முழக்கமுள்ள இடங்கள் பிறருக்குரியவை. டிக்கோயாவில் 1878இல் கல்லால் எழுந்த வார்லி தேவாலயம் துரைமாருக்காகக் கட்டப்பட்டது. எங்கள் மக்கள் காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் வெளியில், பொட்டலில்தான் ஆடினார்கள்.

இல்லாத மண்டபத்தை உண்டாக்கும் முயற்சி உலகில் வேடிக்கையாகத்தான் தொடங்கியது. 1947இல் அமெரிக்க ஒலிப்பதிவாளர் பில் புட்னம், ஹார்மோனிகாட்ஸ் குழுவின் இசைக்கு முழக்கம் சேர்க்கக் குளியலறையைப் பயன்படுத்தினார். (குளியலறையில் பாடிப் பாடகரானவர்கள் இதற்காக மகிழலாம்.) ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் 1957இல் இரண்டு மீட்டர் நீள எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரச் செய்தது; எடை கால் டன்னுக்கு மேல். ஃபெண்டர் நிறுவனம் கிட்டாருக்கென 1961இல் சுருள்கம்பிப் பெட்டியை விற்றது; 1963இல் அது ஒலிபெருக்கிக்குள்ளேயே நுழைந்தது. கணக்கீட்டின் மூலமே முழக்கத்தைப் படைக்கலாம் என்று பெல் ஆய்வகத்தின் மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் காட்டினார். அது விற்பனைப் பொருளாக 1976வரை ஆயிற்று: இ.எம்.டி. 250. இரண்டு ஆண்டுகளில் லெக்ஸிகன் 224 வந்தது. இவையெல்லாம் பெருங்கூடங்களுக்கான விலை. யமஹா போன்றவை வந்த பிறகே கச்சேரிக் குழுக்களுக்கு எட்டியது. 1987இல் போஸ் நிறுவனத்தின் ஆர்.வி. 2, அந்த டிஜிட்டல் மண்டபத்தைக் காலடியில் கொண்டுவந்து வைத்தது.

எங்கள் பக்கம் இதற்கு வேறொரு வரலாறு உண்டு. லயங்கள் பலவற்றுக்கு மின்சாரமே பிந்தித்தான் வந்தது. கச்சேரி என்றால் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் லொறியில் ஏறி வரவேண்டும். ரேக் கருவி அந்த லொறிக்காரருடையது. அது மிக்சரோடு இணைந்தது. பாடகி, தபேலா, கிட்டார் எல்லாருடைய ஒலியும் வேண்டிய அளவில் அதற்குள் சென்று ஒரே முழக்கமாகத் திரும்பும். குழு முழுவதும் ஒரே மண்டபத்தில் நிற்பது போலக் கேட்கும். ஆனால் அந்த மண்டபத்தின் சாவி வாசிப்பவர் கையில் இல்லை. "பாட்டு முடியிறதுக்குள்ள மூணு தடவை கூட்டிக் குறைப்பாங்க. நம்ம கேட்டா முறைப்பாங்க" என்று நண்பர் இன்றும் குமுறுகிறார்.

பெடல் கிட்டார்க்காரரின் பையிலிருப்பது. மிதித்தால் வரும், மீண்டும் மிதித்தால் போகும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தன் முதல் பெடலைக் கொண்டுவந்த இரவு, லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து ஹெட்போனில் விடியும்வரை வாசித்தாராம். பத்தடி அறைக்குள் ஒரு தேவாலயம். அவர் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. எனினும் அதில் ஒரு குறை உண்டு. அந்தத் தேவாலயத்துக்குள் கிட்டார் மட்டுமே நிற்கும். பாடகி வெளியே பொட்டலில் நிற்பார்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். யமஹாவின் முதல் நான்கு அமைப்புகள் மண்டபம், அறை, குரல், தகடு. அதன் முழக்கம் 12 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எழாது. அதனால் சற்று இருண்டு, மணல் கலந்தாற்போல வால் நீள்கிறது. அந்த இருட்டுதான் பாடும் குரலுக்கு இடம் விடுகிறது என்பது என் காதின் தீர்ப்பு. புதிய பெடல் துல்லியம், பளபளப்பு, தனி வாசிப்பில் அதுவே மேல். பழையதற்கு வயதின் தொல்லைகளும் உண்டு. உள்ளிருக்கும் சிறு லித்தியம் மின்கலம் தீர்ந்தால், சேமித்து வைத்த அமைப்புகளை எல்லாம் மறந்துவிடும். நண்பர் 1990களில் பொறுமையாகச் சேர்த்தவை அப்படித்தான் போயின.

விற்க வேண்டாம் என்றேன். தோட்டத்துப் பையன்கள் நால்வர் புதிதாகக் குழு தொடங்கியிருக்கிறார்கள். பாட ஒரு பெண்ணும் இருக்கிறாள். எல்லாரிடமும் பெடல் உண்டு, அவளைத் தவிர. நண்பர் பதில் சொல்லாமல் பெட்டியைத் துணியால் துடைத்தார்.

அன்றிரவு காமன் கூத்து. பொட்டலுக்கு நடந்தோம். எந்தப் பெட்டியும் இல்லாத தப்பு. ஒரு காலத்தில் விடியலில் ஆட்களைப் பிரட்டுக்கு அழைத்ததும் இதே தப்புதான். எதிர்மலை அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அடி விழுந்து மூன்று நொடி கழித்து அங்கிருந்து அது திரும்பி வந்தது. நண்பர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "இந்த செட்டிங் எந்தப் பெட்டியிலயும் இல்ல" என்றார். மறுநாள் காலை கொழும்புக்காரரின் அழைப்பு வந்தபோது, அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.