கோடு போகும் வழி

மதுரை விமான நிலையத்தையும் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தையும் இணைத்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ நேர் தெற்காக இறங்கும். நீளம் சுமார் 123 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. பறக்கிற ஏடிஆர் விமானத்துக்கு அது கால் மணி நேர தூரம். ஆனால் இரண்டுக்கும் நடுவே நேர் விமானம் கிடையாது. பறந்துதான் போவேன் என்று அடம்பிடித்தால் சென்னை போய்த் திரும்ப வேண்டும், கிட்டத்தட்ட 950 கி.மீ. நான்குவழிச் சாலையில் காரில் போனால் இரண்டரை மணி நேரம் போதும்.

அந்தக் கோடு அருப்புக்கோட்டையை உரசிக்கொண்டு போகிறது. ஆனாலும் பெரிய பாதைகள் இந்த ஊரைப் பெரும்பாலும் விட்டு விலகியே போயிருக்கின்றன.

1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ரயில் வந்தது. பாதை மேற்கே வளைந்து விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி வழியாகப் போனது. தாது வருஷப் பஞ்சம் தொடங்கியதும் அப்போதுதான். பாதையோரத்து ஊர்களில் தானிய மூட்டை ரயிலிலிருந்தே இறங்கும். தள்ளியிருந்த ஊர்களுக்கு ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி கட்ட வேண்டும். பஞ்சத்தில் முதலில் சாகிறது மாடுதானே? இருபது கிலோமீட்டர் அன்றைக்கு அவ்வளவு பெரிய தூரம்.

அருப்புக்கோட்டைக்கு ரயில் வர 1963 ஆனது. 87 வருஷக் காத்திருப்பு. அடுத்த வருஷம் அது திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரையைத் தொட்டது. ஆனால் அது கிழக்கு மேற்காகப் போகிற பாதை. துறைமுகத்துக்கு நேராகப் போகவில்லை. பிறகு அகலப்பாதை வேலைக்காக நின்று, 2013இல்தான் ரயில் திரும்ப ஓடியது.

விமான நிலையங்களின் கதை வேறு. மதுரை நிலையம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக உருவானது. 2012இல் அங்கிருந்து கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது. வாகைக்குளம் 1992இல் வந்தது. அதன் ஓடுபாதை வெறும் 1,350 மீட்டர். சின்ன விமானம்தான் இறங்க முடியும். இப்போது அதைச் சுமார் 3,000 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது.

இந்தப் பக்கத்துல எவ்வளவு தூரம்னு கேட்டா யாரும் கிலோமீட்டர் சொல்ல மாட்டாங்க. "பஸ் கிடைச்சா ஒரு மணி நேரம்"பாங்க. அந்தக் "கிடைச்சா"வில்தான் எல்லாமே இருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஆனால் திருச்சுழிக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கரை ஊரிலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்புகிற பையனுக்கு, மெயின் ரோட்டுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. ராத்திரி விமானம் என்றால் வாடகைக் கார்தான், அதற்கும் கடன்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புதிய ரயில் பாதை, சுமார் 143 கி.மீ., 2011-12இல் அறிவிக்கப்பட்டது. தெற்கு முனையில் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கி.மீ. போட்டாகிவிட்டது. 2025 ஜனவரியில் திட்டமே கைவிடப்பட்டது என்று செய்தி வந்து ஊரே பதறியது. அமைச்சர் பேசியது தனுஷ்கோடிப் பாதையைப் பற்றி என்று பிறகு விளக்கம் வந்தது.

வரைபடத்துக் கோட்டுக்கு மிக அருகில் வருகிற பாதை இதுதான். அது முழுசா முடிந்தால், 1876இல் மேற்கே வளைந்த ரயில் முதல்முறையாக இந்தக் கரிசல் வழியாக நேராகத் துறைமுகத்துக்குப் போகும்.