கூச்சப்படாத கோடீஸ்வரர்

நெஞ்சுவலி என்றால் நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்கிறோம். சர்க்கரை இருக்கிற விஷயத்தைக் கல்யாணப் பந்தியில் பாயசம் கொண்டுவருகிறவரிடம்கூட அறிவித்துவிடுகிறோம். ஆனால், 'ஒண்ணுக்குப் போகும்போது எரியுதுப்பா, அடிவயித்துல ஒரே கடுப்பு' என்று எத்தனை ஆண்கள் வாய்விட்டுச் சொல்வார்கள்? பெண்டாட்டியிடமே சொல்ல மாட்டார்கள்! ராத்திரி நாலு தடவை எழுந்து போய்விட்டு, 'தண்ணி நிறையக் குடிச்சிட்டேன்' என்று சமாளிப்பார்கள்.

இந்த அவஸ்தைக்குப் பல சமயம் காரணகர்த்தா, ப்ராஸ்டேட். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயை மோதிரம் மாதிரி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி. வயதானால் அது பெருத்துப்போகும் என்று பலருக்குத் தெரியும். அதில் அழற்சியும் வரும், அதுவும் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களைத்தான் அதிகம் படுத்தும் என்பது தெரியாது.

டாக்டர்களுக்கே ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வரப் பிடிக்கவில்லை. 1897. அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை வராந்தாவில் வேகமாக வந்த ஓர் இளம் டாக்டர், தலைமை சர்ஜன் ஹால்ஸ்டெட் மீதே மோதிக்கொண்டார். திட்டு விழவில்லை. சிறுநீர், பிறப்புறுப்பு நோய்ப் பிரிவை இனிமேல் நீதான் கவனிக்க வேண்டும் என்று உத்தரவு விழுந்தது! எனக்கு அதில் ஒன்றுமே தெரியாதே என்று பதறினார் இளைஞர். அது எங்களுக்கும் தெரியும், கற்றுக்கொள்வாய் என்று நம்புகிறோம் என்றாராம் ஹால்ஸ்டெட். அந்த இளைஞர் - ஹ்யூ ஹாம்ப்டன் யங் - பிற்பாடு தன் சுயசரிதையில் சொன்ன கதை இது.

கற்றுக்கொண்டார். சும்மா இல்லை, 1906-ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து நாள்பட்ட ப்ராஸ்டேட் அழற்சி பற்றி நூறு பக்கத்துக்கு மேல் எழுதித் தள்ளினார். அப்போது டாக்டர்கள் முதலில் சந்தேகப்பட்டது வெட்டை நோயைத்தான் (கொனோரியா). போகக்கூடாத இடத்துக்குப் போய் வாங்கிவந்த நோய். அதன் கிருமி உள்ளே நகர்ந்து சுரப்பியில் டேரா போட்டுவிடும். ஆண்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது புரிகிறதா? 'ப்ராஸ்டேட் வீங்கியிருக்கு' என்றாலே, 'ஓஹோ... அப்படியா சங்கதி!' என்று ஊர் கண்ணடிக்கும். வேறு காரணத்தால் வந்தவனுக்கும் அதே பட்டம்தான். வைத்தியமோ அதைவிட மோசம். ஆசனவாய் வழியாக விரலை விட்டுச் சுரப்பியை அழுத்தி மசாஜ். வாரக்கணக்கில். கூடவே சிறுநீர்க் குழாய்க்குள் சில்வர் நைட்ரேட் கரைசல். எந்த மனிதன் இதைத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிவான்?

ஒருவர் சொன்னார். டயமண்ட் ஜிம் பிராடி!

நியூயார்க்கில் ஒரு சாராயக்கடைக்காரரின் மகன். ஓட்டலில் எடுபிடிப் பையனாக ஆரம்பித்து, ரயில்வே கம்பெனிகளுக்குத் தளவாடங்கள் விற்றே கோடீஸ்வரர் ஆனவர். சட்டைப் பொத்தான், கைத்தடி, மோதிரம் எல்லாவற்றிலும் வைரம். சாப்பாடு? டஜன் டஜனாகச் சிப்பிகள் சும்மா ஆரம்பத்துக்கு என்று கதை கதையாகச் சொல்வார்கள். பாதியாவது புளுகாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

1912-ல் பிராடிக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. இவருடையது அழற்சியைவிட, ப்ராஸ்டேட் வழியை மறித்த பிரச்னை. கூடவே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. கத்தி வைத்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்று மற்ற ஊர் சர்ஜன்கள் கைவிரித்துவிட, பால்டிமோர் வந்து சேர்ந்தார். வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்க் குழாய் வழியாகவே நுழைந்து அடைப்பைச் செதுக்கி எடுக்கும் ஒரு கருவியை யங் உருவாக்கி வைத்திருந்தார். மயக்க மருந்து வேண்டாம், மரத்துப்போக வைக்கக் கொஞ்சம் கோகெயின் போதும். வேலை முடிந்தது. பிராடி பிழைத்தார்!

வேறு பணக்காரராக இருந்தால் ரகசியமாக ஃபீஸைக் கொடுத்துவிட்டு நழுவியிருப்பார். பிராடி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அள்ளிக் கொடுத்தார். 1915-ல் திறக்கப்பட்ட சிறுநீரியல் மருத்துவமனைக்குத் தன் பெயரையே வைக்கவும் சம்மதித்தார். யாரும் பேச விரும்பாத உறுப்புக்கான கட்டடத்தின் மேல், ஊரறிந்த மனிதரின் முழுப்பெயர்! இரண்டு வருடம் கழித்து, 1917-ல் பிராடி இறந்தார். கட்டடம் வேலையைத் தொடங்கியிருந்தது.

அங்கே நடந்த ஒரு வேலை உங்கள் முழங்காலுக்கே தெரியும். சின்ன வயதில் விழுந்து சிராய்த்துக்கொண்டால் பஞ்சில் தொட்டுப் பூசுவார்களே, சிவப்பு மருந்து, மெர்குரோகுரோம்? சிறுநீர்ப் பாதைக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளைக் கொல்ல யங்கும் சகாக்களும் தேடிப்பிடித்து 1919-ல் அறிவித்த மருந்து அது! உள்ளே பெரிதாகச் சாதிக்கவில்லை. வெளியே உலகம் சுற்றியது. அதில் பாதரசம் இருக்கிறது என்பதால் 1998-ல் அமெரிக்கா ஓரங்கட்டியது.

அதே 1919-ல் யங்குக்கு வெள்ளை மாளிகையிலிருந்து அழைப்பு. பக்கவாதத்தில் படுத்திருந்த ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு, ப்ராஸ்டேட்டால் சிறுநீர் அடைத்துக்கொண்டது. இந்த உடம்பில் ஆபரேஷன் வேண்டாம், பொறுத்துப் பார்க்கலாம் என்றார் யங். அடைப்பு தானாகவே விலகியது. பக்கவாதத்தையே நாட்டுக்குச் சொல்லாமல் மூடிவைத்திருந்தார்கள். 1920 பிப்ரவரியில் அதைப் பத்திரிகையிடம் போட்டு உடைத்தவர்... சாட்சாத் நம்ம யங்தான்!

1940-களில் பென்சிலின் வந்து வெட்டை நோயை ஓட ஓட விரட்டியது. அப்படியானால் ப்ராஸ்டேட் அழற்சியும் ஒழிந்திருக்க வேண்டுமே? ஒழியவில்லை. 1968-ல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் எளிமையான ஒரு பரிசோதனை சொன்னார்கள். முதலில் வரும் சிறுநீர், நடுவில் வருவது, மசாஜ் செய்ததும் சுரப்பியிலிருந்து கசியும் திரவம், அதற்குப் பிறகு வரும் சிறுநீர் என்று நாலு மாதிரிகள். எதில் கிருமி அதிகமோ, அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பரிசோதித்தால், பெரும்பாலான நோயாளிகளிடம் கிருமியே இல்லை! வலி மட்டும் நிஜம்.

1995-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இந்த நோயை நான்கு வகையாகப் பிரித்தது. வலியோடு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் மூன்றாவது வகை. கிருமி இல்லாத, நாள்பட்ட இடுப்புக்குழி வலி. அடிவயிற்றுத் தசைகள், நரம்புகள், மன உளைச்சல் என்று பல பேர் மேல் சந்தேகம். கிருமியே இல்லாதவர்கள் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்குவதில் பிரயோஜனம் இல்லை. தசைகளைத் தளர்த்தும் பயிற்சி சிலருக்கு உதவுகிறது. திடீர்க் குளிர்ஜுரம், அடிவயிற்றில் கடும் வலி, சிறுநீர் கட்டிக்கொள்வது - இது முதல் வகை. கிருமியின் வேலை. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இதற்கு ஆன்டிபயாடிக் நன்றாகவே கேட்கும்.