படகு டிரெய்லர்: இணைப்பும் தரை இடைவெளியும்

காரின் பின்னே படகை இழுத்துச் செல்லும் வழக்கம் பரவலாக உள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டிரெய்லரைக் காருடன் பிணைக்கும் இணைப்புக் குண்டின் உயரத்தை நிர்ணயிப்பதே பிரயாணத்தின் பத்திரத்துக்கு முதல் ஆதாரமாகும். டிரெய்லரைச் சமதரையில் மட்டமாக நிறுத்தி, குண்டின்மேல் அமரும் அதன் முன்முனை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அவ்வுயரத்துக்குக் குண்டு பொருந்துமாறு, தாழ்ந்தோ உயர்ந்தோ வளைந்த இரும்புத் தாங்கியைக் காரின் பின்புறச் சதுரக் குழாயில் செருகுவர். பாரம் ஏறியதும் காரின் பின்பாகம் தாழ்ந்துவிடுமாதலால், வெறும் வாகனத்தில் எடுத்த அளவை மட்டும் நம்புவது பிசகு.

முன்முனை மிகத் தாழ்ந்திருந்தால், படகுத் துறையின் சரிவு தொடங்கும் மேட்டு விளிம்பில் இணைப்பே தரையில் உராயும். மிக உயர்ந்திருந்தாலோ பின்புறம் தணிந்து, சமதரையிலிருந்து கார் மேட்டில் ஏறும் கணத்தில் படகு மோட்டாரின் அடித்துடுப்பு சாலையில் இடிபடும். ஆகையால் மோட்டாரை மேல்நோக்கிச் சாய்த்துத் தாங்குகட்டையால் நிலைநிறுத்துதல் அவசியம். இரட்டை அச்சு டிரெய்லர்களில் மட்டம் தவறினால் ஓர் அச்சே பெரும்பாரத்தைச் சுமந்து, அதன் டயர்கள் சூடேறிச் சிதைகின்றன.

குண்டின்மேல் இறங்கும் எடை, பொதுவாக மொத்த எடையில் 10 சதவீதத்தை ஒட்டியிருத்தல் நலம். அது மிகக் குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் அலையும். இணைப்புக் கழன்றால் முன்முனை தரையில் விழாமல் ஏந்தும்பொருட்டு, காப்புச் சங்கிலிகள் இரண்டையும் அதன் அடியில் குறுக்காகப் பிணைப்பர்.