தோல்வி கற்பித்த ஆட்டம்



பள்ளிப் பருவத்து விளையாட்டுகளை நினைக்கும்போது முதியோர் உள்ளமும் இளமை பெறும். என் தலைமுறையினர்க்குக் கிட்டிப்புள்ளும் பம்பரமும் அத்தகையவை. 1980களின் இறுதியில் அமெரிக்க நாட்டில் வளர்ந்த சிறுவர் பலருக்கோ, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய ஒரு குத்துச்சண்டை விளையாட்டு அந்த இடத்தைப் பெற்றது. 'பஞ்ச்-அவுட்' என்பது அதன் பெயர். அன்று பத்து வயதினராய் இருந்தோர் இன்று ஐம்பதை நெருங்குகின்றனர். ஆயினும் அதன் பெயரைச் சொன்னால் அவர்தம் முகம் மலர்கிறது. காரணம் யாது? அதனை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, 1984ஆம் ஆண்டில் இவ்விளையாட்டை முதன்முதலாக வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெரிய பொறியாகவே அது அப்போது அமைந்திருந்தது. கென்யோ தக்கேடா என்பவர் அதனை வகுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு திரைகள் அதில் இருந்தன. ஆடுபவனுடைய வீரன் எதிரியை மறைத்துவிடாதபடி, பச்சைக் கம்பிக் கோடுகளாலேயே அவன் உருவம் தீட்டப்பட்டிருந்தது.

1987இல் இது வீட்டுப் பொறிக்கு ஏற்றவாறு மாற்றப்பட்டது. அப்பெரிய கம்பியுருவைக் காட்டும் ஆற்றல் வீட்டுப் பொறிக்கு இல்லை. ஆகவே, வீரனையே சிறியவனாக்கிவிட்டனர். நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த பதினேழு வயதுச் சிறுவன் லிட்டில் மாக் இவ்வாறு தோன்றினான். எதிரிகளின் இடுப்பளவே நிற்கும் சிறியவன் அவன். டாக் லூயிஸ் என்னும் முன்னாள் வீரர் அவனுக்கு ஆசானாக அமைந்தார். பொறியின் குறைபாடே கதையின் சிறப்பாயிற்று!

இச்சிறுவன் வலிமையால் வெல்ல இயலாது; கூர்ந்து நோக்கியே வெல்ல வேண்டும். எதிரி ஒவ்வொருவரும் குத்து விடுமுன் ஓர் அடையாளம் காட்டுவர். கிங் ஹிப்போ என்னும் பருத்த வீரன் வாயைத் திறக்கும் நொடியில் வாயில் குத்தினால்தான் வழி பிறக்கும். பால்ட் புல் என்னும் துருக்கிய வீரன் பாய்ந்து வருகையில், தக்க நொடியில் வயிற்றில் ஒரு குத்து விட்டால் வீழ்வான். நொடி தவறினால் வீழ்பவன் சிறுவனே. பம்பாயிலிருந்து வருபவனாகக் காட்டப்பட்ட கிரேட் டைகர் என்பானுக்கோ, தலைப்பாகையிலுள்ள மணி மின்னுவதே அடையாளம்.

இங்கே ஒன்றை மறைக்காது கூறுதல் வேண்டும். இந்தியன் என்றால் தலைப்பாகையும் மாயவித்தையும். பிரெஞ்சுக்காரன் என்றால் கோழை. ரஷியன் என்றால் குடிகாரன். இவ்வாறே இவ்விளையாட்டு பிற நாட்டாரைத் தீட்டியது. ரஷிய வீரனுக்கு முதலில் மதுவின் பெயரையே சூட்டியிருந்தனர். வீட்டுப் பொறிக்கு வந்தபோது அது சோடாவாயிற்று. பெயர் மாறியதேயன்றிக் கேலி மாறவில்லை. பழைய நினைவை அன்போடு போற்றுவோரும் இக்குறையைக் கண்டுகொள்ளல் நலம். கூர்ந்து நோக்கக் கற்பித்த ஆட்டத்தை நாமும் கூர்ந்து நோக்க வேண்டுமன்றோ?

இறுதி எதிரியாக நின்றவர் மைக் டைசன். 1986 நவம்பரில், தம் இருபதாம் வயதில், மிகு எடைப் பிரிவின் உலக வீரர் பட்டத்தை வென்று, அப்பட்டம் பெற்றவருள் மிக இளையவர் என்னும் புகழ் எய்தியவர் அவர். அவர் பெயரையே விளையாட்டுக்கும் சூட்டினர். ஆட்டத்தின் முதல் தொண்ணூறு நொடிகளில் அவர் விடும் குத்து ஒன்று பட்டாலே சிறுவன் தரையில் வீழ்வான். எத்தனை மாலைப்பொழுதுகள் அத்தோல்வியில் கழிந்தன! ஆயினும் ஒவ்வொரு தோல்வியிலும் ஓர் அசைவு மனத்தில் பதிந்தது. நேற்று ஐந்து நொடி நின்றவன் இன்று இருபது நொடி நின்றான்.

1990 பிப்ரவரி 11ஆம் நாள் டோக்கியோவில், பலரும் பொருட்படுத்தாத பஸ்டர் டக்ளஸ் என்பார் பத்தாம் சுற்றில் டைசனை வீழ்த்தினார். அவ்வாண்டிலேயே விளையாட்டிலிருந்து டைசன் பெயர் நீங்கியது. 'மிஸ்டர் ட்ரீம்' என்னும் கற்பனை வீரன் அவ்விடத்தில் நின்றான். முகம் மாறிற்று, குத்தும் அசைவும் மாறவில்லை. டைசனிடம் தோற்றுத் தோற்றுக் கற்ற சிறுவன், புதிய முகத்தையும் அதே கல்வியால் வென்றான்.

வகுப்பறையில் பல்லாண்டு நின்ற எனக்கு இச்செய்தியே பெரிதாகப் படுகிறது. தவறு செய்த மாணவனை நாம் கடிந்தோம். அவ்விளையாட்டோ அவனை மீண்டும் எழுப்பி நிறுத்தியது. அன்றைய சிறுவர் இன்று நினைந்து உருகுவது ஒரு வீரரின் பெயரை அன்று. தோற்றபின்னும் நாணாமல் மீண்டும் எழுந்து நின்ற தம் பிள்ளைப் பருவத்தையே அவர்கள் நினைக்கின்றனர். அந்தத் துணிவைப் பள்ளியிலும் பெறுமாறு நம் பிள்ளைகளுக்கு இடமளிப்போமாக.