கண்டனத்துக்கு விடை மறுபதிப்பு

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் சீதத்தன் என்னும் வணிகன் வருகிறான். கடல் கடந்து சென்று பொருளீட்டித் திரும்புகையில் அவன் கலம் புயலில் மூழ்குகிறது. கூம்பின் துண்டு ஒன்றைப் பற்றிக் கரை சேர்கிறான். கலம் அழிந்ததாகக் காட்டியது தரன் என்னும் விஞ்சையனின் மாயம் என்பதைப் பின்னரே அறிகிறான். இழந்ததாக எண்ணிய கலம் மீண்டும் அவனுக்குக் கிட்டுகிறது. நம் முன்னோர் மணநூல் என்று போற்றிப் படித்த இக்காப்பியம் அச்சேறிய வரலாறும் அவ்வணிகன் பயணத்தை ஒத்ததே. தொழில் முனையும் நம் இளைஞர் அதை அறிந்திருத்தல் நன்று.

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார் உ. வே. சாமிநாதையர். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை ஆகியவற்றை அடுக்கிச் சொன்னார். முதலியாரோ, பிற்கால நூல்களை மட்டும் கற்பதால் என்ன பயன் என்று வினவி, சிந்தாமணியைக் கற்றதுண்டா என்று கேட்டார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவருக்கு அக்கேள்வி சுட்டது. ஆயினும் அவர் சினந்து விலகவில்லை. முதலியார் தந்த பிரதியைப் பெற்றுக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

படித்தால் பொருள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையில் வரும் சமணக் கொள்கைகளும் குறியீடுகளும் சைவச் சூழலில் வளர்ந்தவருக்குப் புதியன. எனவே அவர் கும்பகோணத்துச் சமணரை நாடினார். சந்திரநாத செட்டியார் இல்லத்துக்குச் சென்றபோது அங்கே கோலமும் தோரணமுமாக விழாக்கோலம் கண்டார். சிந்தாமணியை நாள்தோறும் ஓதி வந்து, அன்று நிறைவு செய்து விழா எடுக்கின்றனர் என்று அறிந்து வியந்தார். தமக்கு ஏட்டில் மட்டும் கிடைத்த நூல் ஒரு சமூகத்தின் நாவில் உயிரோடிருந்தது. அவருடைய ஐயங்களை நீக்கியவர்களுள் வீடூர் அப்பாசாமி நயினாரும் ஒருவர். வீடூர் நம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட வட்டாரத்தது. அணையால் இன்று பலரும் அறிந்த ஊர். அவ்வூர் நயினார் ஒருவரின் கல்வி அப்பதிப்புக்குத் துணைநின்றது நமக்குப் பெருமை தருவது.

பதிப்பித்தல் புலமையோடு முடியும் பணியன்று. தாள் வாங்க வேண்டும், அச்சுக்கூலி தர வேண்டும், விற்க வேண்டும். ஆசிரியர் சம்பளமன்றிக் கைமுதல் இல்லாத ஐயர், கையொப்பம் பெற்று முன்பணம் திரட்டும் முறையை மேற்கொண்டார். தாம் கும்பகோணத்தில் பாடம் சொல்ல, நூல் சென்னையில் அச்சாயிற்று. பதிப்புத் துறையில் பழுத்த அனுபவம் உடைய சி. வை. தாமோதரம் பிள்ளை, அந்நூலைத் தாமே வெளியிட விரும்பி ஏடுகளைக் கேட்டதும் உண்டு. அவற்றைக் கொடுத்திருந்தால் கவலை தீர்ந்திருக்கும். ஐயர் தயங்கினார், பின்னர் எடுத்த பணியை விடுவதில்லை என்று உறுதி பூண்டார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி உரையுடன் முழுமையாக வெளிவந்தது.

அதன் பின்னரே கண்டனம் வலுத்தது. சைவர் ஒருவர் சமண நூலை வெளியிடுவதா என்று சிலர் குறை கூறினர். வேறு சிலர் பதிப்பில் வழுக்கள் மலிந்துள்ளன என்று துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டுப் பரப்பினர். ஏழாண்டு உழைப்பு தெருவில் ஏளனமாயிற்று. ஐயர் மனம் நொந்து மறுப்புரை எழுதினார். உடன் பணியாற்றிய சாது சேஷையர் அதை வாங்கிக் கிழித்தெறிந்தார். விடைக்கு விடை எழுதப் புகுந்தால் வாழ்நாள் அதிலேயே கழியும், செய்ய வேண்டிய பணி நின்றுவிடும் என்பது அவர் அறிவுரை. ஐயர் அதை ஏற்றார்.

இவ்வரலாற்றை வகுப்பில் கூறும்போது மாணவர் ஒரு வினா எழுப்புவதுண்டு. விடை கூறாதிருந்தால் குற்றம் மெய்யென்று ஆகிவிடாதா? நல்ல வினா. ஐயர் விடை கூறாதிருக்கவில்லை; விடையைச் செயலாகத் தந்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அவர் பதிப்புகள் தொடர்ந்தன. 1907இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பும் திருத்தங்களுடன் வந்தது. துண்டுப் பிரசுரங்களைத் தேடுவார் இன்று இல்லை.

கடை நடத்துவோர்க்கும் பட்டறை வைப்போர்க்கும் இதில் பாடம் உண்டு. குறை கூறுவோர் இருவகையினர். இராமசாமி முதலியாரின் கேள்வியும் ஒரு குறைகூறலே. அது சுட்டாலும் வழி காட்டியது. பிரசுரம் பரப்பியோர் சொல் வழிமறிக்க வந்தது. முன்னதை ஏற்றுக் கற்பதும், பின்னதற்குப் பொழுதை இரையாக்காமல் அடுத்த சரக்கைச் செம்மையாகச் செய்வதுமே தொழிலறிவு. பிழை உண்டெனில் வாடிக்கையாளர் கையில் அடுத்து வந்து சேரும் பொருளில் அது திருந்தியிருக்க வேண்டும்.

பெரியோராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உள்ளது. உழவையே நம்பியிருந்த நம் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று கடன் பெற்றுத் தொழில் தொடங்குகின்றனர். சிலர் முதலாண்டிலேயே இழப்பைக் காண்கின்றனர். அப்போது திண்ணையில் அமர்ந்து, அன்றே சொன்னேன் என்பது எளிது. இழப்பினும் அச்சொல்லே அவர்களை முடக்கும். கணக்கு அறிந்தவர் கணக்கைப் பார்த்துத் தரலாம். சந்தை அறிந்தவர் சந்தைக்கு வழிகாட்டலாம். வேற்றுச் சமயத்தவர் ஒருவர் ஐயம் கேட்டு வந்தபோது, அறிந்ததை ஒளிக்காமல் சொன்னார் அப்பாசாமி நயினார். அவர் அளித்தது பொன்னன்று, அறிவும் பொழுதும். நான்கு தானங்களுள் சாத்திர தானத்தையும் வைத்துப் போற்றும் நமக்கு அது புதிதன்று. நம் ஊர்தோறும் அத்தகைய நயினார் ஒருவரேனும் இருந்தால், கலம் கவிழ்ந்த பிள்ளைகளும் கரை சேர்வர்.

வாழ்க அறம்! வளர்க நற்றொழில்!