தேர்வெழுத முடியாத வரலாற்று மாணவர்: தோழர் சங்கரய்யாவின் மறைவும் மக்கள் செலுத்திய மரியாதையும்



2023ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் என். சங்கரய்யா சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 102 நடந்துகொண்டிருந்தது. செந்தூலில் வாழும் நமக்கும் தமிழகத்து மார்க்சியத் தலைவர் ஒருவருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். இரயில்வேப் பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர் நம்முடையது. தொழிற்சங்கம் என்ற சொல் நம் பாட்டனார்கள் நன்கறிந்த சொல். ஆகவே இது நமக்கு அந்நியமான செய்தியன்று. மேலும், அவருடைய வாழ்வின் தொடக்கமும் முடிவும் ஒரு கல்லூரித் தேர்வோடும் ஒரு பல்கலைக்கழகப் பட்டத்தோடும் பின்னிக் கிடக்கின்றன. ஆசிரியர்கள் அதனைக் கவனியாமல் கடந்துவிடலாகாது.

1922ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பிறந்த சங்கரய்யா, 1937இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். அவர் பயின்றது வரலாறு. படிப்பில் சிறந்த மாணவராக விளங்கியதோடு மாணவர் இயக்கத்திலும் முன்னின்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அறிக்கை விடுத்தமைக்காக, 1941 பிப்ரவரியில் ஆங்கில அரசு அவரைச் சிறையிலடைத்தது. இளங்கலை இறுதித் தேர்வுக்கு அப்போது எஞ்சியிருந்தவை சில நாள்களே. அத்தேர்வை அவர் எழுதவில்லை. பிறகு எழுதவும் வாய்க்கவில்லை. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஒரு பட்டமுமின்றியே தம் நெடிய வாழ்வை அவர் வாழ்ந்து முடித்தார்.

சிறையும் தலைமறைவுமே அவருக்குப் பல்கலைக்கழகமாயின. மதுரைச் சதி வழக்கில் பி. இராமமூர்த்தி முதலானோருடன் சிறைப்பட்ட அவர், விடுதலையானது 1947 ஆகஸ்டு 14ஆம் நாள், அதாவது நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய நாள். அடுத்த மாதமே, கிறித்துவக் குடும்பத்தில் பிறந்த நவமணி அம்மையாரை மணந்தார். நாடு விடுதலை பெற்றதும் சிறைக்கதவு அவருக்கு மூடிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 1948இல் கட்சி தடைசெய்யப்பட்டபோதும், பின்னர் அறுபதுகளிலும் அவர் மீண்டும் சிறை புகுந்தார். மொத்தம் எட்டு ஆண்டுகள் சிறையிலும் மூன்று ஆண்டுகள் தலைமறைவிலும் அவர் கழித்ததாகக் கணக்கிடுவர். 1964 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளிநடப்புச் செய்து, மார்க்சிஸ்டுக் கட்சி தோன்றக் காரணமான 32 பேருள் அவரும் ஒருவர். 1967, 1977, 1980 ஆகிய தேர்தல்களில் மதுரையிலிருந்து சட்டமன்றம் சென்றார். 1995 முதல் 2002 வரை கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்தார்.

இனி, பட்டத்தின் கதைக்கு வருவோம்.

2021இல் தமிழக அரசு 'தகைசால் தமிழர்' என்னும் விருதை ஏற்படுத்தி, அதன் முதல் விருதை அவருக்கு அளித்தது. விருதுத் தொகை 10 இலட்சம் ரூபாய். அதனை அவர் அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளிக்கத் தீர்மானித்தது. அதே மதுரை! தேர்வு எழுத முடியாமற்போன மாணவனுக்கு 82 ஆண்டுகள் கழித்து அவ்வூரே பட்டமளிக்க முன்வந்தது. ஆயினும், வேந்தர் என்ற முறையில் ஆளுநர் ஆர். என். இரவி அதற்கு ஒப்புதல் தரவில்லை. அதனைக் கண்டித்து, நவம்பர் 2ஆம் நாள் நடந்த பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். அதன்பின் 13 நாள்களில் சங்கரய்யா மறைந்தார்.

மதிப்புறு பட்டங்கள் மலிந்துவிட்ட காலம் இது. நம் நாட்டிலும் 'டாக்டர்' பட்டத்தை விலை கொடுத்து வாங்கி அழைப்பிதழில் அச்சிட்டுக்கொள்வோரை நாம் அறிவோம். ஆகையால், பட்டம் கிடைக்காமை சங்கரய்யாவுக்கு ஒரு குறையென்று நான் கருதவில்லை. குறை பல்கலைக்கழகத்தின் ஏட்டில்தான் இருக்கிறது.

அவர் மறைந்த செய்தி பரவியதும் தமிழகம் நடந்துகொண்ட விதமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அரசு மரியாதையுடன் இறுதி நிகழ்ச்சி நடைபெறும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். பட்டம் வழங்க எடுத்த முயற்சி நிறைவேறாமற்போனதை இரங்கற் செய்தியில் குறிப்பிட்டு அவர் வருந்தினார். கொள்கையில் நேர் எதிராக நின்ற கட்சிகளின் தலைவர்களும் அஞ்சலி செலுத்தினர். தியாகராய நகரிலுள்ள கட்சி அலுவலகத்தில் வைக்கப்பட்ட உடலுக்குத் தொண்டர்களும் தொழிலாளர்களும் வரிசையில் நின்று வணக்கம் செலுத்தினர். மறுநாள் பெசன்ட் நகர் மயானத்தில் உடல் எரியூட்டப்பட்டது. ஒரு காலத்தில் அவரைத் தேடியலைந்த காவல்துறையே அன்று அணிவகுத்து நின்று மரியாதை செய்தது.

இத்தகைய ஒருமித்த புகழுரையை நான் சற்று ஐயத்துடனேயே பார்ப்பதுண்டு. நூறு வயது கடந்த முதியவரால் எவருக்கும் தேர்தலில் ஆபத்தில்லை. அத்தகையவரைப் புகழ்வது எளிது. ஆனால் சங்கரய்யாவின் திறத்தில் அது முழு விளக்கமாகாது. அவர் பேசிய சாதியொழிப்பைத் தம் இல்லத்திலேயே நடத்திக் காட்டினார் என்பதும், பதவியாலும் விருதாலும் தமக்கென ஒன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதும் எதிர்க்கட்சியாரும் மறுக்கவொண்ணாத செய்திகள்.

இவ்விடத்தில் நம் மண்ணின் இறப்பு ஒன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டத்தின்கீழ் அதற்கு மரண தண்டனை. அவர் உயிரைக் காக்க இந்திய அரசு முயன்றும் பயனில்லை. இந்தியா காமன்வெல்த்தில் நீடிப்பதென்று இலண்டன் மாநாட்டில் முடிவாகி ஒரு வாரமே ஆகியிருந்தது. அதற்கு முந்திய நாள், அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சங்கரய்யாவும் கணபதியும் ஒரே காலத்தவர். ஒருவருக்கு அரசு மரியாதை. மற்றவருக்கோ, இந்நாட்டில் வெளிப்படையாக ஓர் இரங்கற் கூட்டமும் கூட்ட முடியாத நிலை. விசாரணையின்றித் தடுத்து வைக்கவும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பவும் அரசுக்கு அதிகாரமிருந்த நாளில், தோட்டத்துத் தொழிலாளி எப்படி வாய்விட்டு அழுவான்? துக்கம் வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போயிற்று. பிள்ளைகளுக்குச் சொல்லவும் பெற்றோர் அஞ்சினர். இன்றும் நம் மாணவர் பலருக்குக் கணபதியின் பெயர் தெரியாமலிருப்பதற்கு அந்த அச்சமும் ஒரு காரணமென்றே நான் எண்ணுகிறேன். புடு சிறை இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இப்போது பேரங்காடி நிற்கிறது. பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், எஞ்சியிருக்கும் பழைய நுழைவாயிலைக் காட்டி இச்செய்தியைச் சொல்லலாம்.

நம் காலத்தில் நிலைமை மாறியதைக் கர்ப்பால் சிங்கின் மறைவில் கண்டோம். 2014 ஏப்ரல் 17ஆம் நாள் விடியுமுன் நெடுஞ்சாலை விபத்தில் அவர் இறந்தபோது, அன்றைய பிரதமர் நஜிப் உட்பட எதிரணியினரும் இரங்கல் தெரிவித்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தேச நிந்தனை வழக்கில் அவருக்குத் தண்டத்தொகை விதிக்கப்பட்டிருந்தது. அவ்வழக்கிலிருந்து கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுவித்தது 2019இல்தான், அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து.

1964இல் வெளிநடந்த அந்த 32 பேரில், சங்கரய்யாவுக்குப் பின் எஞ்சியிருந்தவர் கேரளத்தின் முன்னாள் முதல்வர் வி. எஸ். அச்சுதானந்தன் ஒருவரே. அவரும் 2025 ஜூலை 21ஆம் நாள் மறைந்தார். திருவனந்தபுரத்திலிருந்து ஆலப்புழை வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வழிநெடுக மழையில் மக்கள் காத்து நின்றமையால், அவருடலைத் தாங்கிய பேருந்து அத்தொலைவைக் கடக்க இருபது மணி நேரத்துக்கும் மேலாயிற்று.