தோலுக்கடியில் குடியிருப்பவர்கள்

நட்சத்திர மீனின் உடம்புக்கு மேல் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக ஓர் உறை உண்டு. 1978இல் நிக்கோலஸ் ஹாலண்டும் கென்னத் நீல்சனும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள்: அந்த உறைக்கும் கீழே இருக்கும் செல்களுக்கும் நடுவில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நோய் ஒன்றும் கிடையாது. சில இனங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. (நீல்சன் சாதாரண ஆள் இல்லை. ஒளிவிடும் கடல் பாக்டீரியாக்கள் கூட்டம் சேர்ந்த பிறகுதான் விளக்கைப் போடுகின்றன என்று 1970இல் காட்டிய குழுவில் இருந்தவர்.)

ஆக, நல்லா இருக்கும் நட்சத்திர மீனுக்குள்ளேயே நுண்ணுயிர்கள் இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்குங்க.

2013இல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் நட்சத்திர மீன்கள் உருகத் தொடங்கின. கைகள் முறுக்கிக்கொள்ளும், கழன்று விழும், சில நாட்களில் உடம்பே கூழாகிவிடும். இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு ஒரு மீட்டர் வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீனில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அது தின்று கட்டுப்படுத்தி வைத்திருந்த கடல் முள்ளெலிகள் பெருகின. வடக்குக் கலிபோர்னியாவின் கெல்ப் காடுகளை மேய்ந்து தீர்த்தன.

2014இல் ஒரு டென்சோவைரஸ்தான் காரணம் என்று ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் 1942இல் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த உடல்களிலும் அந்த வைரஸின் தடயம் இருந்ததாக அதே கட்டுரையில் இருக்கிறது! பின்னால் ஆரோக்கியமான நட்சத்திர மீன்களிலும் அந்த வகை வைரஸ்கள் கிடைத்தன. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தப்போ லாகில் கண்ணில் பட்ட முதல் எர்ரரைக் குற்றவாளியாக்கி, அதே எர்ரர் போன மாசமும் தினமும் வந்திருப்பதைக் காலையில் பார்த்தவன் நான்.

2025இல் மெலனி பிரென்டிஸும் அலிசா கெமானும் இடம்பெற்ற குழு, திசுவோடு நிற்காமல் உடற்குழித் திரவத்தைப் பார்த்தது. நோயுற்றவற்றில் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா நிறைந்திருந்தது. ஆரோக்கியமானவற்றில் அது கிட்டத்தட்ட இல்லை. நோயுற்றதன் திரவத்தை அப்படியே ஏற்றினால் மற்றது செத்தது. சூடாக்கி ஏற்றினால் பிழைத்தது. பிறகு அந்த பாக்டீரியாவை மட்டும் தனியாக வளர்த்து ஏற்றினார்கள்.

கைகள் முறுக்க ஆரம்பித்தன.